பல்லின் உரிமையாளர் நேரில் வரவும்

கோகந்த் நகரில் ‘ஏழாம் அலை’ பயண நிறுவனம் கடலை விற்று வந்தது. எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு நடந்தாலும் கடல் வராது. அதனால் நன்றாகவே விற்றது.

விற்ற கடலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பிரிவு மட்டும் அங்கே இல்லை. வசந்தத்தில் நோய் பரவி, எல்லைகளையும் வானத்தையும் மூடிய பிறகுதான் அப்படி ஒன்று தேவைப்படும் என்று தெரிந்தது. நிறுவனம் தாமதிக்கவில்லை. கடற்கரைப் படங்கள் ஒட்டியிருந்த முன்னறையில், படங்களை எடுக்காமலேயே, ‘மனவருத்தப் பிரிவு’ என்று ஒரு பலகையை மாட்டியது.

சபோஹத் அங்கே முதல் முறை போனபோது பலகையில் வண்ணம் காய்ந்திருக்கவில்லை. தெரியாமல் தோளில் உரசிவிட்டாள். உடனே மன்னிப்புக் கேட்டாள். அறையில் அப்போது இன்னும் யாரும் வந்திருக்கவில்லை.

அவள் நகராட்சியின் நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். ஒரு தெருவின் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அறிக்கை எழுதினால், அந்தத் தெரு வழியாக நடக்க அவளுக்குச் சங்கடமாக இருக்கும். எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. கடையில் மீதிச் சில்லறையை மறந்துவிட்டால், கடைக்காரர் வருத்தப்படுவாரே என்று அப்படியே வந்துவிடுவாள்.

இப்போது கேட்க வேண்டியிருந்தது அண்ணனுக்காக.

அஸ்ரோர் வெளிநாட்டில், நோவோசிபிர்ஸ்க்கில், கட்டடங்களுக்கு டைல்ஸ் பதிக்கிறவன். அம்மா ஹலீமாவுக்கு அறுபது வயது ஆகும்போது அவள் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு குளிர்காலம் சேமித்துப் பணம் அனுப்பினான். அன்தாலியா கடற்கரையில் ஒரு வாரம், மூன்று வேளைச் சாப்பாடு, ஓட்டல் விருந்தாளி என்று கையில் கட்ட ஒரு பட்டை. ஏழாம் அலையைத் தேர்ந்தெடுத்தவள் சபோஹத். அவளோடு பள்ளியில் படித்த ரானோ அங்கே வேலையில் இருந்தாள். தெரிந்தவள் இருந்தால் கூச்சமில்லாமல் பேசலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் தொலைதூரம் கிளம்பும்போது ஒரு முழு ரொட்டியை ஒரு கடி கடித்து வைத்துவிட்டுப் போவார். மீதி ரொட்டி வீட்டுச் சுவரில் தொங்கும். அது ஆளை இழுத்துக்கொண்டு வரும். வந்தவர்தான் அதைத் தின்று முடிக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. இதை நம்புவதாக யாரும் சொல்ல மாட்டார்கள். செய்யாமல் இருப்பவரும் இல்லை.

ஏழாம் அலை இந்த வழக்கத்தையும் தன் சேவையில் சேர்த்திருந்தது. ஒப்பந்தம் போட்ட அன்றே, அலை வரைந்த நீலப் பதாகையின் கீழ் நிறுத்தி, ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். அம்மா கடித்தாள். இயக்குநர் ஷோக்கிர்ஜோன் கை தட்டினார். படம் அன்று மாலையே டெலிகிராமில் வந்தது. நிறுவனம் கொடுத்த பிளாஸ்டிக் பையில் வைத்தால் ரொட்டி பூசணம் பிடிக்கும் என்று சபோஹத் சொன்னாள். அறிவியல்படி அது சரி. அம்மா அதை ஒரு துணிப்பைக்கு மாற்றி, மூன்று வருடமாக அஸ்ரோரின் ரொட்டி தொங்கிக்கொண்டிருந்த அதே ஆணியில் மாட்டினாள்.

அடுத்த மாதம் வானம் மூடியது. அஸ்ரோரின் வேலையும் நின்றது. ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். போனில் நன்றாக இருக்கிறேன் என்றான். என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டதற்கும் நன்றாக இருக்கிறேன் என்றான். அம்மா போனை வைத்துவிட்டுச் சபோஹத்தைப் பார்த்தாள்.

“என் கடலைத் திருப்பிக் குடுத்துட்டு வா. அந்தக் காசுல அவன் வீடு வந்து சேரட்டும். அவன் டிக்கெட்டை நான்தான் முழுங்கிட்டேன்.”

மனவருத்தப் பிரிவில் ரானோவைத்தான் உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் நிறுவனத்தின் மனவருத்தத்தை அவள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பாதியில் ரானோ உண்மையாகவே அழுதுவிட்டாள். அவளுக்குச் சம்பளம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. சபோஹத் தன் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த சம்சாவை அவளிடம் கொடுத்தாள், முதுகைத் தட்டிக்கொடுத்தாள், கிளம்பினாள். கேட்க வந்ததைக் கேட்கவில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

இரண்டாம் முறை வரிசை இருந்தது. அவளுக்கு முன்னால் நின்றவர் கல்யாண வீடுகளில் எக்காளம் ஊதுகிறவர். உள்ளே போய்ச் சொல்ல வேண்டிய மன்னிப்பை முகக்கவசத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நிறையச் சொன்னால் நடிப்பு மாதிரி ஆகிவிடுமோ என்று சபோஹத்திடம் கேட்டார். அவளும் அதே யோசனையில்தான் இருந்தாள்.

இம்முறை கேட்டுவிட்டாள். பயணம் ரத்தானதால் பணம் வேண்டும்.

“யாரு ரத்து பண்ணது?” என்றாள் ரானோ.

“வானத்தை மூடிட்டாங்களே.”

“நீ பண்ணியா?”

“இல்ல.”

“நாங்க பண்ணோமா?”

“இல்ல, நீங்க பண்ணல.”

“அப்ப ரத்தே ஆகலையே, சபோ. பயணம் அப்படியேதான் இருக்கு. விமானம்தான் இல்ல.” ரானோ குரலைத் தாழ்த்தினாள். “என்னை முறைக்காத. எழுதிக் குடுத்ததைத்தான் சொல்றேன்.”

சபோஹத் முறைக்கவில்லை. இருந்தாலும் மன்னிப்புக் கேட்டாள். ரானோ அவளை இயக்குநரிடம் அனுப்பினாள்.

அண்ணன் முறை வைத்து எல்லோரும் அகா என்று அழைக்கும் ஷோக்கிர்ஜோன் பேசும்போது வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். வசந்தத்திலிருந்து அவர் அவ்வளவு பேசியிருந்தார். சட்டையில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

“தங்கச்சி, உங்க பணம் எங்ககிட்ட இல்ல. அது உங்கம்மாவுக்கு முந்தியே கடலுக்குப் போயிடுச்சு. அங்க ஒரு ஓட்டல்காரன் தினமும் ஹலீமா ஹோலாவோட, அதான் நம்ம பெரியம்மாவோட, படுக்கையை விரிச்சு வச்சிட்டு வாசலையே பார்த்துட்டு இருக்கான். அவன்கிட்ட போய் ‘அந்தம்மா வரமாட்டாங்க, காசைக் குடு’ன்னு நான் எந்த வாயால கேட்பேன்?”

விரித்து வைத்த படுக்கை சபோஹத்தின் கண் முன்னால் வந்தது. சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு. அந்த ஓட்டல்காரரை நினைக்க வேதனையாக இருந்தது.

“இந்த நாலு மாசத்துல நான் ஒரு ராத்திரி தூங்கல. நீங்க தூங்குறீங்களா?”

தூங்குவதாகச் சபோஹத் ஒப்புக்கொண்டாள்.

“பாருங்க,” என்றார் ஷோக்கிர்ஜோன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு அண்ணனைப் பற்றிச் சொன்னாள். எட்டுப் பேர், ஒரே அறை. அவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்ததும் போனில் அம்மாவின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். நீலப் பதாகை, ரொட்டி, அம்மாவின் உப்பிய கன்னம்.

“கிளம்பாத பயணமா இருந்தா ஏதாவது யோசிக்கலாம். இது கிளம்பிடுச்சே. கடிச்ச நிமிஷம் பயணம் ஆரம்பம், ரொட்டி திரும்பக் கைக்கு வர்ற நிமிஷம் முடிவு. இது என் சட்டம் இல்ல, நம்ம பாட்டன் பூட்டன் போட்டது. அவங்களை எதிர்த்துப் பேச எனக்கு வயசு இல்ல.” கொஞ்ச நேரம் வருந்தினார். “ஒண்ணு செய்யலாம். சில பேர் படத்துக்காகச் சும்மா பல்லைப் பதிப்பாங்க. உண்மையாவே போகணும்னு கடிச்சிருக்காங்களா, சும்மா கடிச்சிருக்காங்களான்னு நிபுணர் குழு பார்க்கட்டும். கடி ஆழம் இல்லன்னா, கிளம்பலன்னு எழுதிடலாம். ரொட்டியைக் கொண்டாங்க.”

சபோஹத் அவருக்கு நன்றி சொன்னாள்.

வீட்டில் அம்மா சமையலறையில் இருந்தாள். ஆணியில் இரண்டு துணிப்பைகள் ஒரே மாதிரி தொங்கின. பரிசோதனைக்கூடத்தில் சபோஹத் ஒவ்வொரு குப்பிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டுபவள். வீட்டு ரொட்டிக்கு ஒட்டவில்லை. பைகளைத் திறந்து பார்த்தாள். இரண்டும் ஒரே நிறத்தில் காய்ந்திருந்தன. பழையது அதிகம் வற்றி லேசாக இருக்க வேண்டும் என்று யோசித்து, இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுத்துக்கொண்டாள். யோசனையில் தவறு இல்லை. ஆனால் அம்மாவின் ரொட்டியை நிறுவனம் வாங்கியிருந்தது. மாவைக் குறைத்துச் சுட்ட ரொட்டி அது. முதல் நாளே லேசுதான்.

அவள் ரொட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மனவருத்தப் பிரிவின் பின்னறையில் அதற்குள் சுவர் முழுக்க ஆணி அடித்திருந்தார்கள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கடித்த ரொட்டி, அதன்மேல் ஒரு பெயர். அறை ரொட்டிக் கடை போல மணத்தது. எலிகளுக்காக ஒரு பூனையை அமர்த்தியிருந்தார்கள். சில ரொட்டிகளில் இரண்டாவதாக ஒரு கடி தெரிந்தது. ரானோ பூனையைக் குறை சொன்னாள். மறுநாள் சபோஹத் சம்சாவைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துப் போனாள்.

நிபுணர் குழு கூடியபோது அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். குழுவில் மூன்று பேர்: ஷோக்கிர்ஜோன், ரானோ, பல் மருத்துவர் வாஹித். வாஹித் ஷோக்கிர்ஜோனின் மைத்துனர். கட்டுப்பாடுகளால் அவருடைய மருத்துவமனை மூடிக் கிடந்தது. ரொட்டியைப் பார்க்க ஒரு கட்டுப்பாடும் இல்லை.

அவர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். சிறிய கண்ணாடியை ரொட்டியின் ஓரத்தில் நுழைத்தும் பார்த்தார்.

“ஆழமான கடி,” என்றார் கடைசியில். “போயே தீரணும்னு துடிச்ச ஆளு கடிச்சது. பயணம் தொடங்கிடுச்சு, அதுல சந்தேகமே இல்ல.” மறுபடி குனிந்தார். “நல்ல பல்லு. முன்வரிசை ஒண்ணு விடாம இருக்கு. அகலமான தாடை. முப்பதுக்குள்ள ஒரு ஆம்பள.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

ஒரு புது ரொட்டியை வரவழைத்து அம்மாவைக் கடிக்கச் சொன்னார்கள். இத்தனை பேருக்கு முன்னால் முகக்கவசத்தை இறக்க அம்மா கூச்சப்பட்டாள். பிறகு கடித்தாள். மேல்வரிசையில் மூன்று பல் இல்லாத இடத்தில் ரொட்டி கடிபடாமல் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

ஷோக்கிர்ஜோனின் கை நெஞ்சுக்குப் போனது. “ஹோலா, உங்களை என் அம்மா மாதிரி நினைச்சேன். யாரோட பல்லையோ கொண்டு வந்து எங்களை ஏமாத்த உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

அம்மா அவரைக் கவனிக்கவில்லை. மேசை மேலிருந்த காய்ந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.

“இது அஸ்ரோரோடதுடி.”

சபோஹத்துக்கு ரொட்டியைத் தூக்கிப் பார்த்த கை மட்டும் தனியாகக் கனத்தது. அண்ணன் வீடு திரும்புவதற்காக மூன்று வருடம் சுவரில் இருந்த ரொட்டி. அதை அவளே எடுத்துக் கொண்டு வந்து, பெயர் எழுதிய ஆணியில் மாட்டவும் விட்டிருந்தாள்.

குழு தன் முடிவை அங்கேயே எழுத, ரானோ அதைப் படித்தாள். சம்பந்தப்பட்ட ரொட்டி வேறொரு நபருடையது. பல்லின் உரிமையாளர் நேரில் வந்தால் மட்டுமே ஒப்படைக்கப்படும்.

“அவன் நோவோசிபிர்ஸ்க்ல இருக்கான்,” என்றாள் சபோஹத்.

“வரச் சொல்லுங்க, யாரு தடுத்தா,” என்றார் ஷோக்கிர்ஜோன்.

“வர்றதுக்குக் காசு இல்ல அகா. அதுக்குத்தானே கேட்டோம்.”

“காசுக்கு உங்கம்மா கடிச்ச ரொட்டி வேணும்.”

“அது வீட்ல இருக்கு. இப்பவே போய்க் கொண்டாறேன்.”

“ஒரு பயணிக்கு ஒரு ரொட்டிதான். ரெண்டாவது வந்தா எங்களுக்கு நம்பிக்கை போயிடும். நம்பிக்கை போச்சுன்னா இந்தத் தொழில்ல வேற என்ன இருக்கு, சொல்லுங்க.”

சபோஹத் அம்மாவைக் கைப்பிடித்து எழுப்பி வெளியே கூட்டி வந்தாள்.

முன்னறையில், கடற்கரைப் படம் ஒன்றின் மேல் புதிதாக ஒரு சுவரொட்டி இருந்தது. வெளிநாட்டில் தவிக்கும் நம் பிள்ளைகளுக்காக ஏழாம் அலையின் சிறப்பு விமானம், நோவோசிபிர்ஸ்க்கிலிருந்து பக்கத்து ஃபெர்கானா விமான நிலையத்துக்கு. சபோஹத் அதை இரண்டு முறை படித்தாள். அம்மாவோடு இயக்குநரின் அறைக்கே திரும்பினாள். அந்த வருடத்தில் அவள் ஒரு கதவைத் தட்டாமல் திறந்தது அப்போது மட்டும்தான்.

“அகா, விமானம் உங்களோடதுதானே. எங்க பணத்தை அதுல கழிச்சுக்கிட்டு அண்ணனுக்கு ஒரு இடம் குடுத்துடுங்க. ரொட்டியும் வேண்டாம், குழுவும் வேண்டாம். பணத்தை எங்க கையில தரவே வேண்டாம்.”

ஷோக்கிர்ஜோன் அவளை உட்காரச் சொன்னார். அம்மாவையும் சொன்னார். அவளுடைய வெகுளித்தனம் அவருக்குப் பிடித்திருந்தது போலத் தெரிந்தது.

“உங்கம்மா குடுத்தது சந்தோஷத்துக்கான பணம். அந்த விமானம் துக்கத்துக்கான விமானம். எங்க ஆஃபீஸ்ல ரெண்டும் தனித்தனி கணக்கு. சந்தோஷத்தை எடுத்துத் துக்கத்துல போட்டா அது மரியாதையா? பெத்த பிள்ளை பாசத்தோட அம்மாவுக்குக் கடல் வாங்கிக் குடுத்திருக்கான். அதை அறுத்து லாரி சீட்டு மாதிரி ஆக்கச் சொல்றீங்க. நான் கல்நெஞ்சக்காரனா இருந்தா செஞ்சிடுவேன். என்னால முடியல.”

தேநீர் ஊற்றினார். எங்கள் ஊரில் விருந்தாளிக்குக் கோப்பையில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம், அடிக்கடி எழுந்து ஊற்ற வேண்டும் என்பதற்காக. ஷோக்கிர்ஜோன் விளிம்பு வரை நிரப்பினார். எழுந்து போகலாம் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

சபோஹத் எழுந்தாள். அம்மா எழவில்லை. நிரம்பிய கோப்பையைத் தொடவும் இல்லை.

“எனக்குப் பணம் வேண்டாம், மகனே,” என்றாள். “ரொட்டியை மட்டும் குடுத்துடு.”

ஷோக்கிர்ஜோனின் கண்கள் கலங்கின. அது நடிப்பில்லை, அதனால்தான் சபோஹத் பின்னாட்களிலும் அவரை வெறுக்க முடியாமல் அவதிப்பட்டாள்.

“இந்த வார்த்தைக்காகத்தான் ஹோலா நான் காத்திட்டு இருந்தேன். வாசல்ல நிக்கிற அத்தனை பேரும் பணம், பணம்னு வர்றாங்க. ரொட்டின்னு கேட்ட முதல் ஆளு நீங்க. நம்ம ஜனங்க இன்னும் கெட்டுப் போகலன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இன்னைக்கு ராத்திரி நான் தூங்குவேன்.”

அதன்பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. பல்லின் உரிமையாளர் நேரில் வர வேண்டியதில்லை என்று குழு நின்றபடியே முடிவு செய்தது. அம்மா தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நன்றி தெரிவித்தாள். ரானோ ரொட்டியில் ஊதா முத்திரை குத்தினாள். நீலப் பதாகையின் கீழே ஷோக்கிர்ஜோன் இரண்டு கையாலும் ரொட்டியைக் கொடுக்க, அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். படம் அன்று மாலை டெலிகிராமில் வந்தது. கீழே, ‘பணத்தைவிட ரொட்டி பெரிது என்று கருதும் எங்கள் வாடிக்கையாளர்’ என்று எழுதியிருந்தது. பிடித்திருந்தது என்று பலர் அடையாளம் இட்டிருந்தார்கள். எக்காளம் ஊதுகிறவரும் இட்டிருந்தார்.

கிளம்பும்போது, வீணாகத் தொந்தரவு கொடுத்ததற்குச் சபோஹத் மன்னிப்புக் கேட்டாள். ஷோக்கிர்ஜோன் மன்னித்தார்.

அம்மா ரொட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள். வீடு வரும்வரை மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று சபோஹத்துக்குத் தோன்றியது.

இலையுதிர் காலத்தில் அஸ்ரோர் வந்தான். ஏழாம் அலையின் சிறப்பு விமானத்தில்தான் வந்தான். எட்டுப் பேரும் கையில் இருந்ததைச் சேர்த்துப் பார்த்தபோது ஓர் ஆள் போகலாம் என்று வந்ததாம். குலுக்கியதில் அவன் பெயர் விழுந்ததாம். மீதி ஏழு பேரைப் பற்றி அம்மா கேட்டாள். அவன் கை கழுவ எழுந்து போனான்.

மிகவும் இளைத்திருந்தான். அம்மா அவனுடைய பையை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் ரொட்டியை உடைத்துத் தேநீரில் நனைத்து நனைத்துத் தின்றான். மூன்று வருட ரொட்டி பல்லுக்குக் கடினமாக இருந்தது. அவனுக்குப் பல் நன்றாக இருந்தது.

முத்திரை இருந்த துண்டு வந்ததும் நிறுத்தினான்.

“இதுல என்னமோ எழுதியிருக்கு. ‘பரிசீலிக்கப்பட்டது’.”

சபோஹத் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிடுப்பா,” என்றாள் அம்மா. “ஒண்ணும் செய்யாது.”

அவன் அதையும் தின்றான். மை கசக்கிறது என்றான். அப்புறம், கேட்பதா வேண்டாமா என்று யோசிக்கிறவனைப் போல, அந்தக் கடல் பணம் வந்துவிட்டதா என்றான். போனில் ஒவ்வொரு முறையும் வந்துவிடும் என்று சொல்லியிருந்தவள் சபோஹத். அவள் வாயைத் திறந்த நேரத்தில் அவளுடைய போனில் ஒரு செய்தி வந்தது. பேச வேண்டியதிலிருந்து தப்பிக்க அதைச் சத்தமாகப் படித்தாள்.

“அன்புள்ள ஹலீமா அவர்களுக்கு. ரொட்டி தங்கள் கைக்குத் திரும்பியதால் தங்கள் பயணம் இனிதே நிறைவடைந்தது. கடல் எப்படி இருந்தது?”

கீழே ஐந்து நட்சத்திரங்கள் காலியாக இருந்தன.

அஸ்ரோர் அம்மாவைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். பிறகு பணத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

அம்மா போனை எட்டிப் பார்த்தாள். “நல்லா இருந்துச்சுன்னு போடு. அஞ்சும் போட்டுடு. குறைச்சா அந்தப் பொண்ணு ரானோ சம்பளத்துல கை வைப்பாங்க.”

சபோஹத் ஐந்தும் போட்டாள். உடனே ஒரு சின்ன அலைப் படம் நன்றி சொல்லிக்கொண்டு வந்து, உடைந்து, மறைந்தது.

அஸ்ரோர் தன் ரொட்டியைப் பொடிகூட விடாமல் முடித்திருந்தான். பசி அடங்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டி, ஆணியில் மீதமிருந்த இன்னொரு பையைத் தொட்டான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அது வேண்டாம்பா, அது என்னோடது. நான் இன்னும் திரும்பி வரல.”